பூனை கெடுத்த சம்பந்தம்

கீழக்கரை

அன்பு மகன் அம்மாருக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் வாப்பாவும் உன் தங்கச்சி அம்ரீனும் சுகம், பூனைக்குச் சுகமா இல்லையா என்றுதான் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. தோஹாவில் வெயில் கடுமையாமே, வேளைக்குச் சாப்பிடு. இதைப் போனில் சொன்னால் நீ சிரித்தே கெடுப்பாய், அதனால் எழுதுகிறேன்.

சாயல்குடியிலிருந்து அம்ரீனைப் பெண் பார்க்க வந்தார்கள், நல்ல இடம். மாப்பிள்ளையின் உம்மா குல்சும் வட்டிலப்பத்தை வாயில் வைக்கிற நேரம் நம் பூனைக்குட்டி தலையை ஆட்டிக்கொண்டு காலை அகட்டி அகட்டி வந்தது. தட்டுக்குத் தாவி அந்தம்மா மடியில் விழுந்தது. இங்கன என்னமோ குடியிருக்கு, ஏர்வாடி தர்காவுல ஓதிட்டு வந்து பேசுங்க என்று எழுந்துவிட்டார். உன் வாப்பாவும் மறுபேச்சில்லாமல் குட்டியைக் கூடையில் போட்டு பஸ் ஏறினார். அங்கே ஓதுகிறவர் பூனையைப் பார்த்தார், அதைத் தூக்கிக்கொண்டு வந்த ஆளைப் பார்த்தார், வாப்பா தலையில் ஓதி ஊதி, கவலைப்படாதீங்க சரியாயிரும் என்று அனுப்பிவிட்டார். தன்னையே பைத்தியம் என்று நினைத்துவிட்டாரே என்று வாப்பாவுக்கு வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை.

பிறகு ராமநாதபுரத்தில் மாட்டு டாக்டரிடம் காட்டினோம். தாய்ப்பூனை சினையாக இருந்தபோது வாந்தியும் காய்ச்சலுமாகக் கிடந்ததே, அது வைரஸாம். வயிற்றிலேயே குட்டிக்கும் தொற்றி, மூளையில் நிதானமாக நடக்கவைக்கிற பகுதி வளரவில்லையாம். வலி கிடையாது, கூடவும் செய்யாது குறையவும் செய்யாது, இந்த நோய் மனுசருக்கு ஒட்டாது என்றார். நான் சந்தோசமாக குல்சுமுக்குப் போன் போட்டேன். அப்படின்னா பூனையை உச்சிப்புளிப் பக்கம் விட்டுட்டுத் தேதி குறிங்க என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன், பொய் சொல்வானேன். அம்ரீன் போனை வாங்கி, மாமி, நாளைக்கு எனக்கு ஒரு பிள்ளை இப்படிப் பொறந்தா அதை எந்த ஊர்ல விடணும் என்று கேட்டாள். அந்தம்மா போனை வைத்துவிட்டார். மாப்பிள்ளைப் பையன் பக்கத்தில்தான் இருந்தானாம், வாயைத் திறக்கவில்லை. சம்பந்தம் அதோடு போனது.

எனக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை, அவளை ஏசித் தீர்த்தேன். இப்போதுதான் யோசிக்கிறேன், அவள் கேட்காமல் கழுத்தை நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும். பூனை இங்கேதான் இருக்கிறது, வாப்பா அதற்கு மீனை முள் எடுத்து ஊட்டுகிறார்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், தொழுகையை விடாதே. உன் ரூமில் நல்ல பையன் இருந்தால் தங்கச்சிக்கு விசாரி. சம்பளமெல்லாம் பிறகு பேசலாம், விழுந்ததைத் தூக்குகிறவனா என்று பார்.

துஆவுடன்,
உம்மா ஹாஃபிஸா