வெள்ளி ரோபோவின் பெட்டி

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் விண்வெளிப் படப் பொம்மைகளைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவர்கள், மிச்சப் படப்பிடிப்புக்கு மத்தியானம் வருகிறார்களாம். நானும் மகளும் அம்மா வீட்டுக்குப் போகிறோம்.

அன்றைக்குக் கேமரா முன்னால், "ஒரு பெட்டியக்கூடப் பிரிச்சதில்ல சார், என் பொண்ணு கைகூடப் பட்டதில்ல" என்று பெருமையடித்தீர்கள். கதவோரம் நின்று அவள் கேட்டாள். "ஒரே ஒரு தடவ தொட்டுக்கறேம்ப்பா" என்று எவ்வளவு கெஞ்சியிருப்பாள்!

கூப்பிட வராதீர்கள்.

சொல்ல மறந்துவிட்டேன்: அலமாரியின் நடுத்தட்டிலிருந்த வெள்ளி ரோபோவைப் பிரித்து அவளிடம் கொடுத்துவிட்டேன். இப்போதே அதோடு பேச ஆரம்பித்துவிட்டாள். காலிப் பெட்டியைப் பழையபடி ஒட்டி வைத்திருக்கிறேன். ஆசை தீரக் காட்டுங்கள். உங்களுக்குப் பெட்டிதானே முக்கியம்.