பேருள்ள பக்கம்

தாம்பரம்,
ஜூன் 1994

என் கண்ணு,

அப்பாவுக்குக் கடைசியாகப் போட்ட அந்த டயாலிசிஸ் குழாயை இன்று செங்கல்பட்டு நுகர்வோர் கோர்ட்டில் கொடுத்துவிட்டேன். அது இல்லாவிட்டால் குழாய் செய்த கம்பெனிமேல் போட்ட கேஸ் நிற்காது என்று வக்கீலும் சொல்லிவிட்டார். உனக்குத் திருப்திதானே?

உயிரை வாங்கிய சாமானை அவர் வேட்டிகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாயே என்று பம்பாயிலிருந்து கோபித்துக்கொண்டாய். சாம்பலைத்தான் கடலில் கரைத்துவிட்டோம். குழாய்க்குள் கொஞ்சம் ரத்தம் காய்ந்து கிடந்தது.

அவர் துண்டில் சுற்றி, ரயிலில் மடிமேல் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா, "இன்னாம்மா, ஒடையற சாமானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். யாரும் இடிக்காதபடி தன் கூடையை எனக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள்.

கம்பெனி வக்கீலும் வந்திருந்தார். அவரிடம் கேட்க எவ்வளவோ யோசித்துக்கொண்டு போனேன். ஆனால் துண்டைப் பிரித்துக் குழாயைக் கோர்ட் குமாஸ்தா மேஜையில் வைத்தேன்.

குமாஸ்தா கேஸ் நம்பர் சீட்டில் பசை தடவி, ஆஸ்பத்திரியில் எழுதியிருந்த அப்பா பெயர்மேலேயே ஒட்டப் போனார்.

"பேர் மேல ஒட்டாதீங்க சார்."

என்னை ஒரு தரம் பார்த்தார். குழாயைத் திருப்பி மறுபக்கம் ஒட்டினார்.

"கேஸ் முடிஞ்சா திருப்பிக் குடுப்பீங்களா?"

"ஜெயிச்சாலும் தோத்தாலும் எழுதிக் குடுத்து வாங்கிக்கலாம்மா."

அதனால் தீர்ப்பை நினைத்து நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

திரும்பி வரும்போது மடியில் துண்டு மட்டும்தான் இருந்தது. ஆனாலும் தாம்பரம் வரும்வரை நான் கையை எடுக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா