பால்கட்டு என்று விட்டுவிடாதே

அன்பு மகள் ஷஹானாவுக்கு உம்மாவின் ஸலாம். இங்கே வாப்பாவும் நானும் அல்லாஹ் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சார்ஜாவில் நீயும் மன்சூர் மாப்பிள்ளையும் பேரன் ஹம்தானும் சுகம்தானே. சாரல் பிடித்துவிட்டது, கடையநல்லூர் வரைக்கும் குளிர்காற்று, துவைத்த துணி காய மாட்டேன் என்கிறது. போனில் சொல்லாமல் காகிதம் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார், எனக்கு வாய் வராது. லீவில் வந்த மசூது சார்ஜாவுக்குத் திரும்பி வருகிறான், அவனிடம் ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் சொன்னாயே, பிள்ளைக்குப் பால் மறக்கடிச்ச பொறவு ஒரு பக்கம் கல்லாட்டம் இருக்கு, வலியில்ல, பால்கட்டுதான், மல்லிகைப்பூ வச்சுக் கட்டுனா கரைஞ்சிரும்லா உம்மா, அங்கன இருந்து குடுத்து விடு என்று. அதைக் கேட்டதிலிருந்து என் விரல் நுனி சில்லிட்டுக் கிடக்கிறது. இதே பேச்சை இதே சிரிப்போடு உன் ஜைனப் சாச்சி சொன்னாள். அவள் காய்ச்சலில் மௌத்தானாள் என்றுதான் உனக்குச் சொன்னோம். தெருவில் பெண்கள் மௌத்தானால் குளிப்பாட்டப் போகிறவள் நான், மய்யித்தில் கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்களுக்கு விதி, கூடப்பிறந்த தங்கையிடம் கண்டதையும் முழுங்கிவிட்டேன். நெஞ்சில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தால் காய்ந்த மல்லிகை உதிர்ந்தது, அதற்கடியில் சிரட்டை மாதிரி இறுக்கம், தோல் உடைந்து புண். சர்க்கரையில் போனாள், வயிற்றுவலியில் போனாள் என்று தெருவில் சொன்ன மற்றப் பெண்களிடமும் இதே கல்லை என் கை தொட்டிருக்கிறது. யாருக்கும் தெரியாததால் அடுத்தவளும் பூவையே கட்டுகிறாள்.

வீட்டில் இப்போது பூ வாங்குவதே இல்லை, ஆனாலும் மாவு பிசையும்போது மல்லிகை வாசம் வருகிறது, மாவுக்குள் ஏதோ தட்டுப்படுகிறது, பிய்த்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனோம். அருவி அடிக்கிற அடியில் பெண்கள் எல்லாரும் நெஞ்சோடு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நடுவில் ஜைனப் நின்றாள். பட்டப்பகல். அவள் மட்டும் கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தாள், நெஞ்சில் மல்லிகை, அவ்வளவு தண்ணீரிலும் ஒரு பூ நகரவில்லை. பயந்து அழுதுவிட்டேன். பிரமை என்கிறார் வாப்பா. இருக்கட்டும்.

கேரளத்தில் புனலூரில் வாழ்க்கைப்பட்ட சபூரா பெரியம்மாவுக்கும் இதே கட்டிதான் வந்தது, இப்போது மருந்தில் கொட்டிய முடி முளைத்து எல்லாரையும் அதட்டிக்கொண்டு திரிகிறாள். அங்கே வீடு வீடாக வந்து நோய் விசாரிக்கிற ஆஷா வர்க்கர் உள்ளே வந்து உட்கார்ந்து, கட்டி ஏதும் உண்டா என்று கேட்டாளாம், சின்னதாக இருக்கும்போதே சபூரா காட்டிவிட்டாள். இங்கேயும் நர்சம்மா வந்தாள், ஜைனப்தான் வாசலோடு அனுப்பிவிட்டாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், நடுவில் புளியறை செக்போஸ்ட் ஒன்றுதான். அந்தப் பக்கம் டாக்டர் தொட்டார், இந்தப் பக்கம் நான் தொட்டேன். உன்னிடம் சொல்லலாமா என்று சபூராவைக் கேட்டதற்கு, ஏட்டி, மய்யித்தோட குறையத்தான் மறைக்கச் சொல்லிருக்கு, உசுரோட இருக்க பிள்ளைக்கு வார நோயையுமா மறைப்ப என்று ஏசினாள்.

எல்லாக் கட்டியும் புற்றாக இருக்காது, வெறும் பால்கட்டாகவே இருக்கட்டும் என்று துஆ கேட்கிறேன். ஆனால் இதைப் படித்ததும் மாப்பிள்ளையிடம் சொல்லி டாக்டரிடம் போ, வெட்கப்படாதே, சாச்சிக்கும் பெரியம்மாவுக்கும் வந்ததை மறைக்காமல் சொல். பூ கேட்டாய், கொடுத்துவிடவில்லை. ஹம்தானுக்கு என் முத்தம். அல்லாஹ் உனக்கு நிறைந்த ஆயுளைத் தரட்டும். நீ பிறந்த அன்று உன்னைக் குளிப்பாட்டிய கை இது, எனக்கு அதுவே போதும்.

உன் உம்மா,
செய்யதலி பாத்திமா