அலசி வைத்த பாட்டில்கள்

நவம்பர் 4, திங்கள்

வினிதா என் தெருவைத் திருடிவிட்டாள்.

கல்மண்டபத்தில் நான் பிறந்த தெரு. அடிபம்பில் சாக்கடை நாற்றத்தோடு வரும் குடிநீர் வாரியத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான். அதைச் சோதிக்கத்தான் இந்த ஆய்வுக்கூடத்துக்கே வந்தேன். இன்று சண்முகவேல் சார் பிரித்துக் கொடுத்தார்: கல்மண்டபம் வினிதாவுக்கு, திருவொற்றியூர் எனக்கு. ஏன் என்றேன்.

"சொந்தத் தெருன்னா கை ஒரு பக்கம் சாயும்மா."

வினிதாவின் அண்ணா நகரைச் சோதிக்கும்போது அவளையும் இப்படித் தள்ளி வைப்பாரா? அண்ணா நகரை யார் சோதிக்கப் போகிறார்கள்!

எந்தத் தெருத் தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறதோ அந்தத் தெருவுக்குத்தான் புதுக் குழாய். எங்களுக்கு அது வேண்டும். அதை நான் வாங்கித் தர வேண்டும். அவள் இல்லை.

நவம்பர் 8, வெள்ளி

அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்த கையோடு அவளுக்கு வஞ்சிரம் வறுத்துப் போட்டிருக்கிறாள். எனக்கு மலிவான காரப்பொடி மீன்.

"இன்னா மருவாதி அந்தப் பொண்ணு! வாய் நெறய ஆன்ட்டின்னு கூப்புடுது. நீயும் கீறியே, மூஞ்சத் தூக்கி வச்சிகினு."

எம்.எஸ்ஸியில் அவளைவிட எனக்குத்தான் மார்க் அதிகம். ஆனால் தெருவுக்கே அவள் டாக்டரம்மா. நான் மங்கம்மா பொண்ணு.

தண்ணீர் விடியற்காலையில் வருகிறது. அதனால் சாம்பிள் பாட்டில் பெட்டியை முந்தின மாலையே எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். என் வீட்டில். அம்மா காவல்.

நவம்பர் 9, சனி

அவள் ஸ்கூட்டியில் பூனை ஸ்டிக்கர். அதைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. கல்மண்டபம்: பூஜ்யம். எல்லா பாட்டிலும். கிருமி வளர்க்கும் தட்டில் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. என் திருவொற்றியூர்த் தட்டுகள் அம்மை போட்ட முதுகு மாதிரி இருக்கின்றன.

அண்ணன் மகள் சிவந்திக்கு நேற்றிலிருந்து வாந்தி, பேதி. எதிர்வீட்டிலும் அதே. பூஜ்யமாம்!

எழுதியே விடுகிறேன், உள்ளுக்குள் இனிக்கிறது. அவளுக்குத் தப்பாகிவிட்டது.

நவம்பர் 13, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

"அவ பாட்டிலத் தொட்டியாம்மா?"

"தொடாம? அடியில வெள்ளையா இன்னாவோ கலீஜா ஒட்டிகினு இருந்துச்சு. நம்ம வூட்ல வச்ச பொருளு, பேரு கெட்டுடும்ல? எல்லாத்தையும் நல்லா அலசி, கவுத்து, காய வச்சு மூடினேன்."

அந்த வெள்ளைதான் மருந்து. தண்ணீரில் இருக்கும் குளோரினை அது முறிக்க வேண்டும். மருந்து போய்விட்டால், ஆய்வுக்கூடம் வருவதற்குள் குளோரின் பாட்டிலுக்குள்ளேயே கிருமியைக் கொன்றுவிடும். தெருவில் ஏது அவ்வளவு நேரம்? பம்பிலிருந்து நேரே வாய்க்கு.

எங்கள் தெருவில் அலசாத எதிலும் யாரும் தண்ணீர் பிடிக்க மாட்டார்கள். எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

"என் பாட்டில என்னிக்காவது அலசிக் குடுத்திருக்கியா?"

"நீ இன்னா விருந்தாளியா?"

வெள்ளிக்கிழமை அதிகாரிகள் முன்னால் வினிதா அந்தப் பூஜ்யத்தைப் படிப்பாள். அப்போது எழுந்து சொல்வேன். அதுவரை வாய் திறக்க மாட்டேன். எல்லோரும் பார்க்கட்டும்.

நவம்பர் 15, வெள்ளி

எழுந்தேன். சொன்னேன். ஒரு அதிகாரி, "நீங்க எந்த ஏரியாம்மா?" என்றார். சொன்னேன். "அதானே!" என்று சிரித்தார். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள்.

சார் கேட்டார்: "எப்ப தெரியும் உனக்கு?"

"புதன்கிழமை சார்."

"அப்பவே ஏன் சொல்லல?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

புதுக் குழாய்த் திட்டத்திலிருந்து எங்கள் தெருவை எடுத்துவிட்டார்கள். "அவ சொல்றது சரியா இருக்கும் சார், திரும்ப எடுக்கலாம்" என்று வினிதா மட்டும் சொன்னாள். அழுதுகொண்டே. அதிலும் அவளே நல்லவளாக வேண்டுமா?

வெளியே வந்து கேட்டாள்: "எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே குழலி. மறுநாளே போய் எடுத்திருப்பேனே."

எடுத்திருப்பாள். அதுதான் தாங்கவில்லை.

நவம்பர் 18, திங்கள்

சிவந்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. அந்தச் சின்னக் கையில் ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. வினிதா சாத்துக்குடியோடு வந்தாள். அம்மா அவள் தோளில் சாய்ந்து அழுதாள். என் தோள் பக்கத்திலேயேதான் இருந்தது.

நவம்பர் 20, புதன்

விடியற்காலையில் நானே பிடித்தேன். அலசாத பாட்டிலில். அம்மாவைக் கிட்டே விடவில்லை.

நவம்பர் 21, வியாழன்

தட்டு முழுக்க முளைத்திருக்கிறது. படம் எடுத்து சாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் வந்தது: "உன் தெரு, நீயே எடுத்த சாம்பிள். செல்லாது. அறிக்கையும் அனுப்பியாயிற்று."

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிவந்தி தண்ணீர் கேட்டது. கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். பிறகு எழுதினேன்:

"அப்படியானால் வினிதாவை அனுப்புங்கள், சார். அவளே எடுக்கட்டும். எங்கள் தெருவை அவளுக்கே கொடுங்கள். ஆனால் மறுபடி சோதியுங்கள்."

இரண்டு நீல டிக்.