கதவுக்குப் போட்ட நீலத் துணி

அன்புள்ள ரோஸிக்கு, பட்டினப்பாக்கத்திலிருந்து உன் லூர்து மாமா எழுதுவது. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மழைக்கு முந்தின வாரமே மேகத்தின் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன், நம் காருக்குள் தண்ணீர் வரும், உங்கம்மா பயந்துபோவாள், டாக்டர் நெஞ்சு ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பார், இவள் வர மாட்டேன் என்று உட்காருவாள். யார் கேட்டார்கள்? மற்றபடி அக்காவும் நானும் இங்கே மாதா புண்ணியத்தில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், பெல்ஃபாஸ்ட் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு டியூட்டிக்குப் போகிறாயா என்பதுதான் எங்கள் கவலை. வாய்ஸ் மெசேஜ் போட்டால் பக்கத்து அறையில் உங்கம்மா காதில் விழும், அதனால்தான் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு. உங்கப்பா இருந்திருந்தால் அவர் எழுதியிருப்பார், நீ ரெட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்த வேலையும் என்னுடையதுதானே.

தி.நகர் சுரங்கப்பாதையில் வண்டி நின்றதை உனக்குப் போனில் பாதிதான் சொன்னேன். தண்ணீர் கழுத்துவரை வந்துவிட்டது, சரி, இடுப்புவரை என்று வைத்துக்கொள். உங்கம்மா பக்கத்துக் கதவு திறக்கவே இல்லை. நான் கண்ணாடியை இறக்கி அவளை மீன்கூடை மாதிரி தூக்கி வெளியே விட்டேன், மேலே நின்ற நூறு பேர் கைதட்டினார்கள். எஞ்சினை மெக்கானிக் சரிபண்ணிவிட்டான், ஆனால் கதவின் உள்பக்கம் துணி ஒட்டின அட்டை இருக்கிறதே, டோர் பேட் என்பார்கள், அதில் தண்ணீர் ஏறின உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு விழுந்து சாக்கடை நாற்றம் நாறிற்று. உங்கம்மா அதைப் பார்த்துவிட்டு, அந்தக் கோட்டப் பாத்தாலே தண்ணி இன்னும் ஏறிக்கினு கீற மாதிரியே கீதுடா லூர்து, எனக்கு ஆபரேஷனும் வாணாம் ஒண்ணும் வாணாம் என்றாள். வாடகை வண்டி பிடிக்கிறேன் என்றால், அது கதவு எப்படித் தொறக்கும்னு எனக்கு இன்னா தெரியும் என்கிறாள். ஆட்டோவில் போய்விடலாம், ஆனால் நெஞ்சில் தையலோடு ஆட்டோவில் திரும்பக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீ நர்ஸ், உனக்கே தெரியும். வருகிற வியாழக்கிழமையை விட்டால் அடுத்த தேதி எப்போதோ, அதுவரை நெஞ்சில் அடைத்துக்கொண்ட அந்த ரத்தக்குழாய் தாங்குமா என்று கேட்டேன், டாக்டர் பேனாவை மூடினார் ரோஸி. எனக்கு அந்தப் பேனா மூடின சத்தம் இன்னும் கேட்கிறது.

அதனால் வேலையில் இறங்கினேன். இந்த வேலை எனக்குப் புதிதா, ஒரு காலத்தில் பெரிய பெரிய வண்டிகளுக்கெல்லாம் நான்தான் சீட் தைத்தேன் என்பது உனக்குத் தெரியாது. நம் குடியிருப்பு பிளாக்குக்குக் கீழே வண்டியை நிறுத்தி, ஸ்க்ரூவைக் கழற்றி, டோர் பேடை நெம்பி எடுத்தேன், இருபது கிளிப்பில் பதினாறு உடைந்தது, அது கம்பெனிக்காரன் தப்பு. பழைய துணியை உரித்து, அட்டையை வெயிலில் காயவைத்து, மெல்லிய ஸ்பாஞ்சு வைத்து, ரப்பர் பசை தடவி, பசை கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, புதுத் துணியை நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து ஒட்டினேன். சிந்தாதிரிப்பேட்டையில் சீட் கவர் கடை வைத்திருக்கும் ஷஃபியுல்லா அந்தப் பக்கம் வந்தவன், இன்னா மாமா, கதவுக்குப் பாவாடை கட்டிக்கினு கீறியா என்று சிரித்தான். சிரிக்கட்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லாதே. அந்த ஒரு கதவை மாட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து கதவை மூடிப் பார்த்தேன். திறக்கவில்லை. உள்ளே இருக்கிற லாக் கம்பியை நான் தப்பாக மாட்டியிருக்கிறேன். மற்ற மூன்று கதவிலும் டோர் பேடைக் கழற்றிப் போட்டிருந்தேன், உள்ளே கைப்பிடியே இல்லை, கண்ணாடி இறக்குகிற பிடியை எந்தக் கதவிலும் இன்னும் மாட்டவில்லை. பட்டப்பகல், வெளியே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், மழையும் இல்லை, தண்ணீரும் இல்லை, ஆனால் எனக்கு மூச்சு வரவில்லை, கண்ணாடியைத் தட்டிக் கத்தினேன். ஷஃபியுல்லா ஓடிவந்து வெளியிலிருந்து திறந்தான், கம்பியையும் அவன்தான் சரியாக மாட்டினான், போகும்போது சிரிக்கவில்லை. கடலில் புயலைப் பார்த்தவன் நான், இறங்கினதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கம்மா சும்மா பிடிவாதம் பிடிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்தத் துணி எது தெரியுமா, நம் கோயில் திருவிழாவில் மாதாவுக்குச் சாத்தின நீலச் சேலை. வருஷத்துக்கு ஒரு வீட்டுக்குத்தான் கொடுப்பார்கள், என் முகத்துக்காக எனக்குக் கொடுத்தார்கள். உங்கம்மாவைக் கீழே கூட்டிவந்து காட்டினேன். கதவைத் தொட்டாள், சிலுவை போட்டுக்கொண்டாள், மாதா சேலையையா வெட்டின, பாவி என்று என் முதுகில் ஒன்று வைத்தாள், அப்புறம் அவளாகவே ஏறி உட்கார்ந்தாள். சாந்தோம் வழியாக லஸ் வரைக்கும் போய், ராஜா அண்ணாமலைபுரம் சுற்றித் திரும்பினோம். வழியெல்லாம் உள்ளங்கையை அந்தத் துணியில் வைத்தபடியே ஜெபம் சொன்னாள், ஒரு தடவைகூடக் கதவைத் திற என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை வரேன்டா என்றாள். மிச்சமிருந்த ஒரு முழத் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நீ லீவு கிடைக்கவில்லை என்று அழாதே. புதன்கிழமை சாயந்திரம் கட்டாயம் போன் பண்ணு, சிரித்துப் பேசு, நூற்றுக்கு எத்தனை பேர் பிழைப்பார்கள் என்கிற ஆபரேஷன் கணக்கெல்லாம் அவளிடம் சொல்லாதே. வெறும் வயிற்றில் டியூட்டிக்குப் போகாதே. மாதா உன்னையும் மாப்பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
லூர்துசாமி மாமா

பி.கு. ரோஸி, அது மாதா சேலை இல்லை. கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம் போய்க் கேட்டேன், இந்த வருஷத்துச் சேலை வேறு வீட்டுக்குப் போய்விட்டது என்றார். பாண்டி பஜாரில் அதே நீலத்தில் ஒரு துண்டுத்துணி கிடைத்தது, அதைத்தான் ஒட்டினேன். நேற்று உங்கம்மா சொல்கிறாள், ஆபரேஷன் ரூமுக்குள்ள துணிய வுட மாட்டாங்களாம், நான் வர்ற வரிக்கும் நீ கையில வெச்சுக்கினு நில்லு, கீழ மட்டும் வெக்காத என்று. நான்தான் நிற்க வேண்டும். அது கடைத்துணி என்று தெரிந்த ஒரே ஆள் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது, அதனால்தான் உனக்கும் சொல்லிவிட்டேன்.