புல்லுத்துரைக்கு ஒரு மெழுகுதிரி

மன்னார்,
14.11.1998

அன்பு மகள் லூசியாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் உயிரோடும், அம்மா கிருபையால் மூன்று நேரச் சோற்றோடும் இருக்கிறேன். நீயும் மருமகனும் பேத்தியும் அந்த நோர்வேக் குளிரில் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். பேசாலைப் பெரியம்மா றோசம்மா எழுதி முந்திக்கொள்வதற்குள் என் மானக்கேட்டை நானே சொல்லிவிடுகிறேன். இம்மாதம் இரண்டாம் திகதி, மரித்த ஆத்துமாக்களின் நாள், கந்தோர் முடிந்து ஊரடங்குக்கு முன் வீடு சேரப் பழைய வெள்ளைக்காரச் சவக்காலை வழியாகச் சைக்கிளில் வந்தேன். புல்லுத்துரை என்று ஊர் சொல்கிற அந்தக் காலத்து வெள்ளைக்காரரின் கல்லறையடியில் வெள்ளையாய் ஒன்று குந்தியிருந்தது. தகரப்பெட்டியோடு துரையின் ஆவி வரும், வழியில் நிற்கிற செடியின் பேர் கேட்கும், சொல்லாவிட்டால் காய்ச்சல் பிடிக்கும் என்று இருபது வருடமாகக் கந்தோரில் கதை அவிழ்த்துவிட்டவன் நான்தான். நான் கட்டின கதையே எழும்பி வந்துவிட்டதென்று சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன், ஒரு செருப்பும் போயிற்று. பின்னால் “இஞ்சாருங்கோ, ஏன் ஓடுறியள்” என்று கேட்டது. எந்த ஆவி என்னை அப்படிக் கூப்பிடப் போகிறது. திரும்பிப் பார்த்தால் பூசைக்குப் போடுகிற வெள்ளை முக்காட்டோடு உன் அம்மா.

உன் தம்பி றெஜியைப் பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோய் எட்டு வருடமாகிறது, இறக்கினவர்கள் ஆரென்று கடிதத்தில் எழுதக் கூடாது. ஒவ்வொரு வருடமும் ஆத்துமாக்களின் நாளில் ஊரெல்லாம் சவக்காலையில் மெழுகுதிரி கொளுத்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதை நீயும் கண்டிருக்கிறாய். “அவன்ர பேரில கொளுத்தினா அவன் செத்திட்டான் எண்டு நானே கையெழுத்து வைச்ச மாதிரி. இந்த மனிசனும் ஒரு தாயின்ர பிள்ளை, ஆரும் இல்லாத ஊரில கிடக்கிறார். நான் இவருக்குக் கொளுத்திறன். எங்கட பிள்ளை எங்கையாவது கிடந்தா அங்கை ஒருத்தி அவனுக்குக் கொளுத்துவாள் தானே” என்றார். நான் செருப்பைத் தேடுகிற சாட்டில் குனிந்து நின்றேன்.

அதோடு விட்டாரா, ஆளைத் தெரியாமல் எப்படி மன்றாடுவது, உங்கட கந்தோர்க் கொப்பிகளைப் பார்த்துச் சொல்லுங்கோ என்று பிடித்துக்கொண்டார். ஷெல் விழுந்து கந்தோர்க் கூரை போன நாளில் பழைய நகரக் கமிட்டியின் கூட்டக் குறிப்புகளைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தது ஞாபகம் இருக்கும், கறையான் தின்றது போக மிச்சத்தைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். துரையின் பேர் தோமஸ் வெல்பி, 1869இல் சுங்கக் கந்தோருக்கு வந்தவர். வேலை முடிந்தால் கடற்கரை மணலில் வயிறு பட முழு நீளத்துக்குக் கிடந்து புல்லைப் பார்ப்பாராம், ஒருநாள் செத்துப்போனார் என்று மீனவர்கள் சுவாமியாரையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பிடுங்கிய செடிகளைச் சட்டப் புத்தகங்களுக்கு அடியில் நெரித்துக் காயவைத்துக் கப்பலில் அனுப்புவார். பதினான்கு வருடம் கமிட்டியில் இருந்து சந்தைக்கு வாய்க்கால் வெட்டுவித்தார், றோட்டோரம் மரம் நடுவித்தார். நட்டதை ஆடு தின்ன, ஆட்டைக் கட்டி வளர்க்க வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். மற்ற உறுப்பினர் எல்லாரிடமும் ஆடு, பதினொரு முறை தோற்றார். இதை வாசிக்க அம்மா எட்டு வருடத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு முத்துக்குளிப்புக்கு வந்த சனத்துக்குள் வாந்திபேதி பரவிய வருடம் வந்தது. துரை கடற்கரை வாடிகளில் ஒவ்வொரு கொட்டிலாகப் போய்ச் செத்தவர்களை எழுதியிருக்கிறார். பேர் தெரியாதவரையும் விடவில்லை. வயது இருபதளவில், இடது கையில் சிப்பி கீறிய வடு, தேடி வருபவர்களுக்காக எழுதி வைக்கிறேன் என்று இருக்கிறது. இங்கிலீசு ஒரு எழுத்தும் தெரியாத அம்மா அந்தப் பக்கத்தை வாங்கி வரி வரியாக விரலால் தடவினார். நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

இப்போது பின்னேரங்களில் அம்மாவோடு ஐந்தாறு பெண்கள் சேருகிறார்கள், எல்லாரும் ஆளைத் தேடுகிறவர்கள். உயிலங்குளத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் கந்தோர் கூட்டுகிற ராக்கம்மா, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துச் சனம், புருசனைக் காணாதவள், கற்பூரம் கொண்டு வருகிறாள். “தொரைமாருக்குக் கொழுந்து பறிச்சே எங்க சனம் செத்திச்சு, இப்ப ஒரு தொரைக்குக் கற்பூரமும் ஏத்துறேன் பாருங்கய்யா” என்று சிரித்தாள். கற்பூரம் எரிந்து முடியும் வரை பிறகு சிரிக்கவில்லை. நான் ஆவிக் கதையை நிறுத்திவிட்டேன். அந்த இடத்தில் இப்போது சைக்கிளால் இறங்கித்தான் நடக்கிறேன், பின்னேரக் காற்றில் ஆரோ பேர் கேட்கிற மாதிரி இருக்கிறது. செடியின் பேரை அல்ல. நான் பதில் சொல்லாமல் வந்துவிடுகிறேன்.

பேத்திக்குக் காதை மூடித் தொப்பி போடு. மருமகனோடு சண்டை பிடித்தால் சாப்பிட்ட பிறகு பிடி. பெரியம்மா தந்த பாரைக் கருவாடு ஆள் கிடைத்தால் வரும். அம்மா எழுதச் சொன்னது ஒன்று, உன் வீட்டுக்குக் கிட்ட ஆரும் எட்டிப் பாராத கல்லறை இருந்தால் ஒரு மெழுகுதிரி கொளுத்து, மறந்துவிடாதே. மடு மாதாவின் நிழல் உங்கள் மூவர் தலைக்கு மேலும் இருக்கட்டும்.

உன்னை நினைத்தபடி,
ஒற்றைச் செருப்பு அப்பா,
மரியதாஸ்

பி.கு. அம்மா வாசித்துத் தந்த பிறகு, ஒட்டுவதற்கு முன் இதை எழுதுகிறேன். பதிலில் இதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். நேற்றுக் கடைசிக் கொப்பியையும் பார்த்து முடித்தேன். துரை 1883இல் கப்பலேறித் தன் ஊருக்குப் போய், அங்கேயே செத்து, தாயின் பக்கத்தில் அடக்கமாகியிருக்கிறார். இங்கே இருப்பது கமிட்டி ஞாபகத்துக்கு நட்ட கல் மட்டும்.