நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அன்புள்ள சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. மூட்டு வலியைச் சேர்க்காமல் பார்த்தால் நானும் உன் அப்பாவும் சுகம். நீ எப்படியிருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வாய், அதனால் உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். உன் பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. சின்னப் பிள்ளைகளுக்காக நான் அந்தக் காலத்தில் எழுதிய துப்பறியும் கதைகளைப் பெரியவர்கள் படிக்கும் காமிக்ஸாக மாற்றப்போகிறேன் என்று நீ சொன்னபோது, சரி, கலர் அடித்துப் பெரிதாக வரைவாய் போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தக் கதைகளில் துப்பறியும் என் மொட்டைமாடிப் பட்டாளத்தை என்ன பாடு படுத்தியிருக்கிறாய். கொழுகொழுவென்று ஓடித் திரிந்த குண்டு நாற்பது வயதில் இரண்டு விவாகரத்து வாங்கிக்கொண்டு விடுதி அறையில் தனியாகக் கிடக்கிறான். சோடாபுட்டி எதற்கெடுத்தாலும் சிகரெட் பற்றவைக்கிறாள். நாயையாவது விட்டுவைத்தாயா, மூன்றாம் பக்கத்திலேயே செத்துப்போகிறது. புத்தகம் முழுக்க மழையும் கறுப்பு மையும்தான், நீ இருக்கும் ஊரில் கலர் பென்சிலே விற்பதில்லையா. உன் அண்ணனிடம் காட்டினேன், "பெரியவங்க புக்குன்னா இப்படித்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனை நோண்டப் போய்விட்டான். எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா ஒரே மூச்சில் படித்துவிட்டு அழுதாளாம். எத்தனை பேர் பல்லைப் பிடுங்கியிருப்பாள், அப்போதெல்லாம் வராத கண்ணீர்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு பதிப்பகத்தார் கேட்ட சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன். பேனாவைத் திறந்தும்விட்டேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பார்த்ததும் மூடிவிட்டேன். அந்தக் கைக்கடிகாரக் கதை. என் கதையில் பட்டாளம் லிஃப்ட்காரர்தான் திருடன் என்று கண்டுபிடிக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள், அத்தோடு முடியும். அது நம் பழைய கட்டடத்தில் நடந்ததுதான், உனக்கு நினைவிருக்கும். அப்பாவின் கடிகாரம் காணாமல் போனபோது நீயும் அண்ணனும் லிஃப்ட்காரர் எந்த மாடியில் எத்தனை நிமிடம் நிற்கிறார் என்று ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதைக் குடியிருப்போர் சங்கத்தில் காட்டினீர்கள், சங்கத்தார் அவரை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். நானும் பெருமையாக அதைக் கதையாக்கினேன். இப்போது உன் காமிக்ஸில் பட்டாளம் பெரியவர்களான பிறகு, கடிகாரம் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே கிடைத்ததையும் அது மறைக்கப்பட்டதையும் தெரிந்துகொள்கிறது. மறைத்தவரை வரைந்திருக்கிறாய் பார், வழுக்கை, மூக்கு, சட்டைப் பையில் இரண்டு பேனா, அச்சு அசல் உன் அப்பா.

அவரைப் பிடித்து உலுக்கினேன். போன வருடம் போனில் உன்னிடம் "கடிகாரம் கிடைச்சப்போ நான்தான் வாயைத் திறக்கல" என்று சொன்னாராம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றால், "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் மேலயாவது அவளுக்கு மரியாதை மிஞ்சட்டும்னுதான்" என்கிறார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். அவர் சொன்னார் என்றால் நீயும் அப்படியே எடுத்துக்கொள்வதா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா. எட்டு வயதில் தப்பான ஆளைப் பிடித்தாய், நாற்பத்தொன்றிலும் தப்பான ஆளைத்தான் பிடித்திருக்கிறாய்.

நடந்தது இதுதான். நான்கு மாதம் கழித்துப் பெட்டியின் உள்துணிக் கிழிசலுக்குள் கடிகாரம் இருந்தது. அப்பா அந்த நிமிடமே சட்டையை மாட்டிக்கொண்டு லிஃப்ட்காரரைத் தேடிக் கிளம்பினார். நான்தான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். கதை அந்த மாதம்தான் பத்திரிகையில் வந்திருந்தது, பிள்ளைகள் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதியிருந்தார்கள், என் பேர் அப்போதுதான் நாலு பேருக்குத் தெரிந்தது. "குழந்தைங்க மனசு உடைஞ்சுபோகும், சும்மா இருங்க" என்றேன். உங்கள் மனசைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்தான், அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

அதனால் அந்தப் பக்கத்தை மாற்றி வரை. அப்பா கிளம்பி நிற்கட்டும், நான் கதவை மறிக்க வேண்டும். என் கண்ணாடி, கன்னத்து மச்சம் எல்லாம் இருக்கட்டும், அழகாக்கிவிடாதே. கையெழுத்துப் போட்ட கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பழைய கட்டடத்தில் குழாய் ரிப்பேர் செய்பவரிடம் விசாரித்ததில், லிஃப்ட்காரர் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் மகள் வீட்டில் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். புத்தகத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. அப்பாவும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன், வந்தால் அங்கேயும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வார். லிஃப்ட்காரருக்குக் காது சரியாகக் கேட்காதாம், அதனால் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும். கேட்கட்டும்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். குனிந்தே வரையாதே, முதுகு போய்விடும். அப்பாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேள், நான் சொல்லித்தான் கேட்கிறாய் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா